மிச்சம் வைக்காத தட்டு

எங்கள் மாஸ்டர் உரபே ரியோகென் அழுது நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை வெங்காயம். இன்னொரு முறையும் வெங்காயம்தான் என்று அவர் சாதிக்கிறார். அன்று எங்கள் சமையலறையில் வெங்காயமே உரிக்கவில்லை. உரிக்கிற வேலையும் என்னுடையதுதான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரான சுருகாவில், துறைமுகத்துக்குப் பின்னால் மலையடிவாரத்தில் இருக்கிற ஜென் கோயிலில் அவர் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலையே கிடையாது. வாய் பேசாமல் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றுவார்கள். ஒரு துண்டு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயை வைத்து அதே கிண்ணத்தைச் சுற்றித் தேய்ப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்து, ஊறுகாயையும் தின்று, கிண்ணத்தைத் துணியில் சுற்றி அவரவர் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு பருக்கை மிஞ்சினால் பெரிய சாமி, அதாவது கோயிலின் தலைமைக் குருவான மாஸ்டரின் அப்பா, திட்டமாட்டார். பார்ப்பார். திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் என்று தோன்றும் என்பார் மாஸ்டர்.

கோயில் பிள்ளை கோயிலுக்குத்தான் என்று அவரைச் சாத்திரம் படிக்கக் கியோட்டோவுக்கு அனுப்பினார்கள். விடுமுறையில் கைச்செலவுக்காக ஒரு ஓட்டல் சமையலறைக்கு வெங்காயம் உரிக்கப் போனார். வெங்காய அழுகை அங்கேதான் ஆரம்பம். விடுமுறை முடிந்தது. இவர் திரும்பவில்லை. ஆறு வருஷம் கழித்து, இருபத்து நான்காம் வயதில், பிரான்ஸில் இருக்கிற மார்செய்க்குப் போகிற கப்பலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அப்பாவிடம் சொல்லப் போனார்.

"எப்ப திரும்புவே?" என்று கேட்டாராம் பெரிய சாமி.

"தெரியாதுப்பா."

"சரி."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதற்குப் பெரிய சண்டை என்று பெயர்.

லியோனில் ஆற்றங்கரைப் பக்கம் மதாம் கிரிவெல் என்ற அம்மாள் நடத்திய கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவுகிற வேலை. பாத்திரமே கழுவாத வீட்டில் பிறந்தவர் இரண்டு வருஷம் கழுவினார். ஆனால் வேலை சுலபம் என்பார். தட்டுகள் பாதி கழுவினது போலத்தான் உள்ளே வரும். அந்த ஊரில் வங்கி மேனேஜர், பாதிரியார், மீன் வண்டிக்காரன் என்று எல்லாருமே கடைசியில் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தட்டிலிருக்கும் சாஸை வழித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். சாஸ் மிச்சம் வைத்து ஒரு தட்டு வந்தால் மதாம் அந்த மேசைக்கே போய், "உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்பாளாம். மாஸ்டர் பாத்திரத்திலிருந்து காய்க்கும், காயிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடைசியாகச் சாஸ் அடுப்புக்கும் போய்ச் சேர்ந்தார். ஜப்பான்காரன் கிண்டுகிற சாஸா என்று முகம் சுளித்தவர்களும் தட்டை வழித்தார்கள். அவருக்கு அந்தச் சான்றிதழ் போதுமாயிருந்தது.

பதினோரு வருஷம் ஆனது. மதாம் போய்ச் சேர்ந்தாள், கடை கைமாறியது, இவர் ஊர் திரும்பினார். டோக்கியோவில் திறந்திருக்கலாம். கோபேயில் திறந்திருக்கலாம். கோயிலிலிருந்து இருபது நிமிஷ நடையில், சுருகாவில் திறந்தார். ஏன் இங்கே என்று கேட்டால், "மீன் நல்லா இருக்கும்" என்பார். மீன் கோபேயிலும் கிடைக்கும்.

நான் சேர்ந்தது கடை திறந்த அதே வருஷம். கணவாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் படகோடு திரும்பாமல் போனார். என் பெயர் கினுயோ. மாஸ்டரைவிட நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா. எட்டு மேசை, ஒரு சமையலறை, நடுவில் தட்டு கொடுத்து வாங்க ஒரு சின்ன சன்னல். பரிமாறுவது, காய் நறுக்குவது, கழுவுவது எல்லாம் நான்.

சேர்ந்த அன்றே ஒரு சட்டம் போட்டார்.

"அக்கா, சாப்பிட்ட தட்டு நேரா தொட்டிக்குப் போகக் கூடாது. எங்கிட்ட காட்டிட்டுத்தான் போகணும்."

"எச்சில் தட்டையா?"

"அதேதான்."

எனவே நான் ஒவ்வொரு தட்டையும் சன்னலில் நீட்டி, "ரெண்டாம் மேசை," "அஞ்சாம் மேசை" என்று அறிவிப்பேன். அவர் பார்ப்பார். "ம்" என்பார். பார்க்கிற அந்தப் பார்வை யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் குனிந்து, "ரொம்ப ருசியா இருந்தது" என்று சொல்லாமல் போனதில்லை. மீன் காலியாகியிருக்கும், கறி காலியாகியிருக்கும். எலும்பை வறுத்து, ஒயினை வற்ற வைத்து, இரண்டு நாள் அடுப்பில் நின்று, மூன்று முறை வடிகட்டிய சாஸ் மட்டும் தட்டில் அப்படியே குளம் போலக் கிடக்கும். ரொட்டியைத் தொடவே மாட்டார்கள். கைக்குட்டையில் சுற்றிப் பேரப் பிள்ளைக்கு எடுத்துப் போவார்கள்.

மாஸ்டர் மிச்சச் சாஸில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். அடுத்த நாள் வெண்ணெயைக் குறைப்பார். அதற்கடுத்த நாள் கூட்டுவார். தட்டு மாறவில்லை.

"நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, மாஸ்டர்."

"வாய் சொல்லுதுக்கா. தட்டு சொல்லலையே."

இதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். செரிசாவா அம்மாள். நகர மன்றத்தில் புதன்கிழமைகளில் மேற்கத்திய மேசை ஒழுக்கம் கற்றுக்கொடுப்பவர். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற வீடு ஒன்று பாக்கியில்லாமல் அவரிடம் படித்தது. அவர் கோபேயைத் தாண்டிப் போனதில்லை. அவருடைய அப்பா கடற்படையில் இருந்தவர், அங்கே வெள்ளைக்காரன் சொன்னது என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்திருந்தார். சோற்றை முள்கரண்டியின் குழிவான பக்கத்தில் அள்ளுவது பாமரத்தனம். கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் கத்தியால் சோற்றை அப்பி, ஒரு பருக்கையும் சிந்தாமல் வாய் வரை கொண்டுபோக வேண்டும். சுருகாவில் ஒரு தலைமுறையே இப்படித்தான் சோறு தின்றது. மாஸ்டர் முதல் முறை இதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவங்களுக்குக் கையில ஏதாவது அடியா?"

அந்த அம்மாளின் இன்னொரு விதி, சாஸை ரொட்டியால் துடைக்கக் கூடாது.

மாதம் ஒரு முறை மாணவிகளோடு பரீட்சைச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார். ஒரு நாள் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அவர் எதிரில் நின்றார்.

"அம்மா, ஒரு விண்ணப்பம். பிள்ளைங்க சாஸைக் கொஞ்சம் ரொட்டியால வழிச்சு சாப்பிட்டா..."

"வழிக்கிறதா? மாஸ்டர், இவங்க நாளைக்கு மாமியார் முன்னாடி உக்காரப் போறவங்க."

"லியோன்ல எல்லாரும் வழிப்பாங்க அம்மா. பாதிரியார்கூட."

"லியோன்ல வழிக்கட்டும். அவங்க மாமியார் வேற." மாணவிகள் பக்கம் திரும்பினார். "மாஸ்டர் சமையல்ல பெரியவர். ஒழுக்கம் வேற பாடம்."

மாணவிகள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். அன்று பத்துத் தட்டு, பத்துக் குளம். எனக்கு அந்த அம்மாளின் தலையில் ஒரு தட்டைக் கவிழ்க்கலாம் என்று இருந்தது. கவிழ்க்கவில்லை. தட்டு விலை அதிகம்.

பெரிய சாமி ஒரு முறைகூடக் கடைப் பக்கம் வந்ததில்லை. மாஸ்டரின் தம்பி கோயிலை ஏற்றுக்கொண்டாயிற்று. புத்தாண்டுக்கு மாஸ்டர் போய் வணங்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, பருவநிலை பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். கடையைப் பற்றி அவரும் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார். பன்னிரண்டு வருஷம் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒசாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய ஓட்டல், விருந்துச் சமையலறைக்குத் தலைமை.

"போகப் போறேன்க்கா. வருஷக் கடைசியோட இங்க மூடிடலாம். உங்களுக்கு மீன் பதப்படுத்துற கடையில சொல்லி வெச்சிருக்கேன்."

"அங்க என்ன உசத்தி?"

"ஒரே நேரத்துல ஐந்நூறு பேர். எச்சில் தட்டெல்லாம் ரெண்டு மாடி கீழ போயிடுமாம். நான் பாக்க வேண்டியதில்ல."

சாஸை விட்டுத் தொலைத்தால் போதும் என்கிற மனுஷனாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஐம்பது வயதை நெருங்குகிறவர், இரண்டு நாள் கிண்டிய பாத்திரத்தின் முன்னால், வீட்டில் யாரும் எடுத்துக் கொஞ்சாத குழந்தை மாதிரி நின்றார். எனக்குச் சரி என்று சொல்ல மனசு வரவில்லை. மீன் பதப்படுத்துகிற கடை நாற்றமும் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அந்த நவம்பரில் என் வீட்டுக்காரருக்குப் பதின்மூன்றாம் வருஷத் திவசம். செத்த வருஷத்தையும் சேர்த்துக் கணக்கு. எங்கள் குடும்பத்துக்கு மலையடிவாரக் கோயில்தான். நாள் குறிக்கப் போனபோது பெரிய சாமியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. தம்பி சாமி வந்த பிறகும் பழைய குடும்பங்களுக்கு அவர்தான் மந்திரம் சொல்லுவார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா? மகன் கடைக்கு ஒரு நாள் வந்தா என்ன?"

"கூப்பிட்டாத்தானே வர முடியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூப்பிடலையா?"

"பன்னெண்டு வருஷமா இல்ல."

கடைக்கு வந்து மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கப்பாவை நீங்க கூப்பிடவே இல்லையாமே?"

"அவர் மாமிசம் தொடமாட்டார்க்கா. எப்படிக் கூப்பிடறது? மாட்டைக் கொன்னு வெச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்கன்னா?"

ஆக, அவர் சாப்பிடமாட்டார் என்று இவர் கூப்பிடவில்லை. இவர் கூப்பிடவில்லை என்று அவர் வரவில்லை. நடுவில் இருபது நிமிஷ நடை. இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்த மாஸ்டரின் அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திவசம் முடிந்ததும் மந்திரம் சொன்ன சாமிக்கு வீட்டுக்காரர்கள் சாப்பாடு போட வேண்டும். அது எங்கள் வழக்கம். எங்கே போடுவது என்பது செத்தவர் வீட்டு உரிமை. போடுகிற சாப்பாட்டைச் சாமி மறுக்க முடியாது. நான் கடையின் முன்பதிவு நோட்டை எடுத்து, பதினாறாம் தேதி மதியம், நாலாம் மேசை, இரண்டு பேர் என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

மாஸ்டர் படித்தார். நோட்டை மூடினார். திறந்து மறுபடி படித்தார்.

"இன்னொருத்தர் யாரு?"

"உங்கப்பா. எங்க வீட்டுத் திவசச் சாப்பாடு. வாடிக்கையாளரை வேணாம்னு சொல்லுவீங்களா?"

நோட்டை வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். பிறகு கடல்பாசியை ஊற வைத்து, அந்தத் தண்ணீரில் காய்கறி வேக வைத்து, மாமிசம் இல்லாத ஒரு சாஸ் செய்து பார்த்தார். எனக்கு ஒரு கரண்டி கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"எங்க வீட்டுல பண்ற மாதிரியே இருக்கு. இதைக் கத்துக்கவா கப்பல் ஏறினீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தார். நான் விடவில்லை.

"உங்கப்பா கிண்ணத்துல எது விழுந்தாலும் மறுக்காமச் சாப்பிடற சாமியார், மாஸ்டர். என்ன விழணும்னு நீங்கதான் தீர்மானிக்கணும்."

பதினான்காம் தேதி காலை மாட்டுக் கன்னக் கறி வாங்கி வந்தார். எலும்பை வறுத்தார். சிவப்பு ஒயினை ஊற்றினார். இரண்டு நாள் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. வெங்காயத்தைப் பதினான்காம் தேதியே உரித்துக் கொடுத்துவிட்டேன். பதினாறாம் தேதி உரிக்கவில்லை.

அன்றைக்கென்று செரிசாவா அம்மாளும் பரீட்சைக் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய சாமியைக் கண்டதும் எழுந்து குனிந்தார். அவர் குடும்பத்துக்கும் அதே கோயில்தான்.

நானும் சாமியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் கடையிலேயே நான் விருந்தாளி. தட்டை நானே எழுந்து போய் எடுத்துவந்து வைத்தேன். கறுப்பும் சிவப்புமாக மினுங்கிய சாஸுக்கு நடுவில் கறி. சாமி கைகூப்பினார். கத்தியையும் முள்கரண்டியையும் பார்த்தார்.

"சாப்பிடற குச்சி இருக்குமா?"

கடையில் கிடையாது. என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த குச்சியைக் கழுவிக் கொடுத்தேன்.

சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் என் கறியை மென்றேனா விழுங்கினேனா என்று நினைவில்லை. சன்னலில் மாஸ்டரின் தொப்பி மட்டும் தெரிந்தது. கீழே கண் இருந்திருக்கும். கறி முழுவதும் போனது. சாமி குச்சியைக் கீழே வைத்தார். தட்டில் சாஸ் அப்படியே, அதே குளம்.

முடிந்தது என்று நினைத்தேன். ஒசாகாதான், மீன் பதப்படுத்துகிற கடைதான்.

"வெந்நீர் கிடைக்குமா?" என்றார் சாமி. மாத்திரை போடுவதற்கு என்று நினைத்தேன். "டீயானாலும் சரி."

நாங்கள் உள்ளே குடிக்கிற வறுத்த டீ ஒரு கெண்டி இருந்தது. கொண்டுவந்தேன்.

"ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாய்?"

அதுவும் கடையில் கிடையாது. அதுவும் என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது.

சாமி கெண்டியை எடுத்துத் தட்டில் டீயை ஊற்றினார். மஞ்சள் ஊறுகாயைக் குச்சியால் பிடித்து, விளிம்பிலிருந்து உள்பக்கமாக, சுற்றிச் சுற்றி, ஓர் இடம் விடாமல் தேய்த்தார். அவசரமே இல்லை. பிறகு பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த அந்தப் பெரிய வெள்ளைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் குடித்தார். ஊறுகாயைக் கடைசியாகத் தின்றார். தட்டைக் கீழே வைத்துக் கைகூப்பினார்.

பக்கத்து மேசையில் பதினொரு முள்கரண்டிகள் காற்றில் நின்றன. ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், இது சரியா?"

செரிசாவா அம்மாள் நெடுநேரம் யோசித்தார். அவர் வீட்டுக்காரருடைய திவசம் அடுத்த மாதம்.

"சாமிகளுக்குத் தனி விதி," என்றார். "எழுதிக்கோங்க."

நான் தட்டை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். வழக்கப்படி நீட்டினேன்.

"நாலாம் மேசை."

மாஸ்டர் பார்த்தார். விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"கழுவிட்டீங்களா?"

"இல்ல. அப்படியே வந்தது."

அவர் தட்டை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். "லியோன்ல கத்துக்கிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா," என்றார். "தட்டு பாக்கறதை." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன என்று கேட்டேன். வெங்காயம் என்றார்.

முகம் கழுவி, தொப்பியைச் சரி செய்து, வெளியே வந்து அப்பா முன்னால் நின்றார்.

பெரிய சாமி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் கடையில் ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் முறை. மாஸ்டரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சரிப்பா."

"மத்தபடி நல்ல மாடு. வீணாகலை."

சாமி எழுந்தார். செருப்பை எடுத்து வைத்தேன். வாசல் வரை போனவரை மாஸ்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அப்பா, அடுத்த மாசமும் வாங்க."

அடுத்த மாதம் கடையை மூட வேண்டிய மாதம். அதற்கடுத்த மாதம் அவர் ஒசாகாவில் இருக்க வேண்டியவர்.

சாமி திரும்பி என்னைப் பார்த்தார். "யார் கூப்பிடறது? இந்தம்மாவா?"

"இல்லப்பா. நான் கூப்பிடறேன்."

"அப்ப உப்பைக் குறை. வர்றேன்."

ஒசாகாவுக்கு மாஸ்டர் எழுதிய பதிலை நான்தான் தபாலில் போட்டேன். உப்பை அவர் குறைக்கவில்லை. பெரிய சாமி, கண் மூடும் வரை மூன்று வருஷம், மாதம் தவறாமல் வந்தார். அடுத்த மாதத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூப்பிட வேண்டும். போன மாதம் கூப்பிட்டது செல்லாது. ஒவ்வொரு முறையும் உப்பு தூக்கல் என்றார். ஒவ்வொரு முறையும் நான் என் பெட்டியிலிருந்து ஊறுகாய் எடுத்துக் கொடுத்தேன். தட்டைச் சன்னலில் நீட்டினால் மாஸ்டர் பார்த்துவிட்டு "ம்" என்பார், நான் தொட்டிக்குக் கொண்டுபோய் அதையும் மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி வைப்பேன்.